அதியமான்கோட்டையில் ஓர் ஆப்பிள் மரம்

நமது அலுவலகத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி, தொடர்கதையின் கதாநாயகிக்கு எப்போது கல்யாணம் என்று கேட்பவை. மற்றப் பாதியில் சமையல், ஜோசியம், தலைமயிர் உதிர்வது ஆகிய மூன்றும் அடங்கிவிடும். ஆகையால், சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் ஆசிரியர் என் மேஜைமீது ஒரு கடிதத்தை வைத்துவிட்டு, "இதைப் படித்துப் பாரும்" என்று சொன்னபோது, நான் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

"ஐயா, எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் ஆப்பிள் மரம் இருக்கிறது. எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. இலையெல்லாம் விபூதி பூசினாற்போல வெளுத்துச் சுருண்டு போகிறது. நோய் தாங்குகிற ஆப்பிள் ரகம் ஒன்று வந்திருக்கிறதாம். அதை வாங்கி வைத்துவிட்டு, இதை வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டலாமா, வேண்டாமா? தயவு செய்து சொல்லவும்."

கடிதம் அவ்வளவுதான். 'வேண்டாமா' என்ற சொல்லின் கீழே மட்டும் இரண்டு கோடு அழுத்திப் போட்டிருந்தது. ஊர்: அதியமான்கோட்டை, தருமபுரி மாவட்டம்.

அதியமான்கோட்டையில் ஆப்பிளா! நெல்லி மரம் என்றால் நியாயம். நீண்ட ஆயுள் தரும் அபூர்வ நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சுமக்கும் ஊர் அல்லவா அது? "போய்ப் பார்த்துவிட்டு வாரும்" என்றார் ஆசிரியர். புறப்பட்டேன்.

பைரவர் கோயில் கூட்டம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் ஏழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அதியமான்கோட்டை. பத்து நிமிஷப் பிரயாணந்தான். ஆனால் நான் போன தினம் தேய்பிறை அஷ்டமி. அந்த ஊர்க் காலபைரவர் கோயிலில் அன்று சாம்பல் பூசணிக்காயைப் பிளந்து விளக்கேற்ற எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. பஸ்ஸில் என் மடியில் யாரோ ஒருவருடைய பூசணிக்காய் அமர்ந்து வந்தது. "சாமிக்கு என்ன வேண்டுதல்?" என்று அதன் சொந்தக்காரர் விசாரித்தார். "ஆப்பிள் மரம் பார்க்கப் போகிறேன்" என்றேன். அவர் பூசணிக்காயை என் மடியிலிருந்து எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

சாலையிலிருந்து இறங்கி இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பின்னால் ஐந்து சென்ட் அளவு கொல்லை. கடிதம் எழுதிய அம்மாளுக்கு அறுபது வயது இருக்கலாம். என்னைக் கண்டதும் முதலில் நம்பவில்லை. "பத்திரிகை ஆபீசிலிருந்தா? ஒரு மரத்துக்காகவா தம்பி வந்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து வைத்தார்.

கொல்லையில் ஒரு நெல்லி, ஒரு முருங்கை, ஒரு மா. மூலையில், துவைக்கிற கல்லுக்கு அப்பால், அந்த ஆப்பிள் மரம். என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயரம் இருந்தது. அடிமரம் என் மணிக்கட்டைவிடப் பருமன். கிளைகள் நெடுநெடுவென்று மேலே போயிருந்தன; ஒவ்வொன்றின் நுனியிலும் மட்டும் ஒரு கொத்து இலை. அந்தக் கொத்துகள் மேல் மாவு தூவினாற்போல வெள்ளை.

"இது எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "அவரு கொண்டாந்ததுங்க" என்றார்.

ரோட்டு வழியே வந்த விதை

அவருடைய கணவர் லாரி டிரைவர். முப்பது வருஷம் வடநாட்டு லைனில் ஓட்டினவர். ஊர் ஓரமாகப் போகிற இந்தச் சாலைதான் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதன் ஒரு முனை கன்னியாகுமரி. மறு முனை ஸ்ரீநகர். காஷ்மீரத்து ஆப்பிள் தெற்கே வருவதும் இந்த ரோட்டு வழியேதான். டில்லி ஆஸாத்பூர் மண்டியில் பாரம் ஏற்றி வரும்போதெல்லாம் வீட்டுக்கென்று ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கி வருவாராம். "ஓய்வு எடுத்துக்கிட்டதும் நம்ம கொல்லையிலேயே ஒரு ஆப்பிள் மரம் வைக்கணும்" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை. கடைசியாக ஒரு பெட்டி கொண்டுவந்து இறக்கினார். இருபது நாளில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த பழத்தைத் தின்ற பேத்தி, விதைகளைக் கொட்டாங்கச்சியில் மண் போட்டு ஊன்றி வைத்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது. ஐந்து விதையில் இரண்டு முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது. மற்றொன்று இது.

சூடான ஊரில் ஆப்பிள் விதை எப்படி முளைத்தது என்று நேயர்கள் கேட்கலாம். ஆப்பிள் விதை சில வாரம் ஈரத்திலும் குளிரிலும் கிடந்தால்தான் முளைக்கும். பழங்களை மாதக்கணக்கில் குளிர்பதனக் கிடங்கில் வைத்து விற்கிறார்களே, அங்கேயே விதைக்கு வேண்டிய குளிர்காலம் கிடைத்துவிடுகிறது.

"தாத்தா மரம்னுதான் புள்ள சொல்லும்" என்றார் அந்த அம்மாள். "போர்த் தண்ணி உப்பு, விட்டா இலை கருகுது. அதனால ஒகேனக்கல் குழாய்த் தண்ணியில குடிக்கப் புடிச்சதுல ஒரு குடம் இதுக்குன்னு ஊத்துவேன். மருமகன் ஆட்டுக் கொட்டகை போடணும், வெட்டிடலாம்ங்கறாரு. அவரு சொல்றதும் தப்பில்லீங்க. பூக்காத மரத்துக்கு எத்தனை குடம்?"

கடிதத்தில் இரண்டு கோடு ஏன் விழுந்திருந்தது என்பது இப்போது புரிந்தது.

தூங்காத மரம் விழிப்பதில்லை

திரும்பி வந்து நான் பல புத்தகங்களைப் புரட்டினேன். விஷயம் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆப்பிள் மரம் குளிர் தேசத்து ஜீவன். பனிக்காலம் வந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். தூக்கத்தில் அது ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. சுமார் 7 டிகிரி செல்ஷியசுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்ற கணக்கு. கடையில் நாம் பார்க்கும் சிவப்பு டெலிஷஸ் போன்ற ரகங்களுக்கு ஏறக்குறைய 1000 மணி நேரம் தேவை. அது நிறைந்தால்தான் 'குளிர்காலம் போய்விட்டது, இனிப் பூக்கலாம்' என்று மொட்டு விழிக்கும். நிறையாவிட்டால், இரவெல்லாம் தூக்கம் கெட்டவன் காலையில் வேலைக்குப் போகிற கதைதான். நுனியில் மட்டும் நாலு இலை விடும், பூக்காது.

அதியமான்கோட்டை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 அடி. அங்கே மார்கழிக் காலையில் போர்வை வேண்டியிருக்கும். ஆப்பிளுக்கு அது போதாது. ஆகவே அந்த மரம் பூக்காததற்கு அம்மாளின் வளர்ப்பு காரணமல்ல.

இன்னொரு விஷயம். ஆப்பிள் விதை தாயைப் போல வராது. ஒரு பழத்துக்குள் இருக்கும் ஐந்து விதையும் ஐந்து வேறு மரம். புளிப்பும் துவர்ப்புமாகக் காய்க்கிற பிள்ளைகளே அதிகம். எனவேதான் நல்ல ரகம் வேண்டுமானால் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஆனால் எப்போதாவது ஒரு விதைக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். சிவப்பு டெலிஷஸ் ரகமே 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் ஜெஸ்ஸி ஹயட் என்பவரின் தோட்டத்தில் தானாக முளைத்ததுதான். வரிசைக்கு வெளியே முளைத்ததால் அதை அவர் இரண்டு முறை வெட்டியெறிந்தாராம். மூன்றாம் முறையும் துளிர்த்தது. 'வாழ விரும்புகிறவனை வாழவிடுவோம்' என்று விட்டுவிட்டார் என்பது அந்த மரத்தைப் பற்றி அங்கே வழங்கும் கதை.

எந்த நோய்க்கு மருந்து?

இனி அந்த 'நோய் தாங்கும் ரகம்'. ஆப்பிளுக்கு உலகம் முழுவதும் பெரிய சத்துரு சொறி நோய். ஒரு பூசணம், இலையிலும் பழத்திலும் கரும்புள்ளி போட்டு, பழத்தை வெடிக்க வைத்து, விலை போகாமல் அடித்துவிடும். 1973-ல் காஷ்மீரத்திலும் 1983-ல் இமாசலத்திலும் அது தோட்டம் தோட்டமாகப் புகுந்து விளையாடியிருக்கிறது.

இதை எதிர்க்கும் ரகத்தை உண்டாக்க மனிதர்கள் பட்ட பாடு ஒரு தொடர்கதைக்குக் காணும். 1914-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிராண்டால் என்ற பேராசிரியர், சுண்டைக்காய் அளவே காய்க்கும் ஜப்பானிய அழகு ஆப்பிள் மரம் ஒன்றை 'ரோம் பியூட்டி' என்ற பெரிய பழ ரகத்தோடு கலந்தார். அவர் நோயைப் பற்றி நினைத்துச் செய்யவில்லை. சுமார் முப்பது வருஷம் கழித்து, சுற்றிலும் மரங்கள் சொறி பிடித்து நிற்க, அந்தக் கலப்பின் சந்ததிகள் சில மட்டும் சுத்தமாக நிற்பதை ஹஃப் என்ற இளம் விஞ்ஞானி கவனித்தார். 1945-ல் மூன்று சர்வகலாசாலைகள் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டன. சுண்டைக்காயைக் கடித்துத் தின்னத்தக்க பழமாக்கத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, 'பிரைமா' என்ற முதல் ரகத்தை வெளியிட்டபோது ஆண்டு 1970. ஐம்பத்தாறு வருஷம்! அதன்பிறகு 'லிபர்ட்டி', 'ஃபுளோரினா' என்று பல வந்தன. அதோடு கதை முடியவில்லை. அந்த எதிர்ப்புச் சக்தியையும் மீறித் தாக்கும் புதிய பூசண இனங்கள் ஐரோப்பாவில் தோன்றிவிட்டன. மனிதன் பூட்டுச் செய்தால் பூசணம் சாவி செய்கிறது.

இதில் நமக்கு உள்ள விஷயம் இதுதான். சொறி நோய் வர, குளிர்ச்சி வேண்டும். இலை பல மணி நேரம் நனைந்தபடி இருக்க வேண்டும். தருமபுரிச் சீமையில் அந்தப் பூசணத்துக்கு வேலையே இல்லை. சொறி தாங்கும் ரகம் என்று சொல்லி இங்கே விற்பது, சித்திரை மாதத்தில் சென்னையில் கம்பளிச் சட்டை விற்பது போன்றது. சட்டையில் குற்றமில்லை, குளிர்தான் இல்லை! மேலும் அந்த ரகங்களில் பல, குளிரை நிறையக் கேட்பவை. வாங்கி வைத்தால் நோய் வராது, பூவும் வராது.

ஆகவே 'நோய் தாங்குமா?' என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. 'எந்த நோயை? எந்த ஊரில்?' என்றும் கேட்க வேண்டும். அதியமான்கோட்டையில் ஆப்பிளுக்கு உள்ள சத்துருக்கள் வேறு.

முதலாவது, அம்மாள் விபூதி என்று எழுதிய சாம்பல் நோய். இதுவும் பூசணந்தான், ஆனால் இலை நனைய வேண்டியதில்லை, வறண்ட பகலும் குளிர்ந்த இரவும் போதும். நுனி மொட்டிலேயே குடியிருக்கும். வெளுத்த நுனிகளைத் தண்டோடு வெட்டி எரித்துவிட்டால் பாதி ஒழிந்தது. மீதிக்கு நனையும் கந்தகத் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம். வெயில் கடுமையான நாளில் தெளித்தால் கந்தகமே இலையைச் சுட்டுவிடும். எனவே குளிர்ந்த நாளில், மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.

இரண்டாவது, கம்பளி அசுவினி. கிளையிலும் வேரிலும் பஞ்சு ஒட்டினாற்போல் அடையும் பூச்சி. இதைத் தாங்கும் வேர்ச்செடிகளை இங்கிலாந்தில் உண்டாக்கியிருக்கிறார்கள். 'எம்.எம். 106', 'எம்.எம். 111' என்பவை அந்தக் குடும்பம். இரண்டில் 111 வறட்சியை நன்றாகத் தாங்கும். 106-க்கு நீர் தேங்கினால் கழுத்தழுகல் வரும்.

மூன்றாவது, அந்தக் கழுத்தழுகலே. களிமண்ணில் பள்ளமாகப் பாத்தி கட்டித் தண்ணீரை நிற்க விட்டால், மண்ணும் தண்டும் சேரும் இடத்தில் பட்டை அழுகும். நான்காவது, வெயில். மேற்கு வெயில் நேரே அடித்தால் பட்டை வெந்து வெடிக்கும். வெடிப்பில் துளைப்பான் புகும். இதற்குப் பாட்டி காலத்து மருந்தே மருந்து. அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும்.

பன்யாலா கிராமத்து அதிர்ஷ்டம்

'சரி, குளிர் வேண்டாத ஆப்பிளே கிடையாதா?' என்றால், குறைந்த குளிரோடு திருப்திப்படும் ஆப்பிள்கள் உண்டு. இஸ்ரேலில் ஐன் ஷெமர் என்ற கூட்டுப் பண்ணையில் அப்பா ஸ்டைன் என்பவர் உண்டாக்கிய 'அன்னா' ஒன்று. அதற்கு ஜோடியாக மகரந்தம் தரும் 'டார்செட் கோல்டன்' மற்றொன்று. இது பனியே பெய்யாத பஹாமாத் தீவில் ஒரு சீமாட்டியின் தோட்டத்தில் தோன்றியது.

மூன்றாவது நம் நாட்டுச் சரக்கு. இமாசலப் பிரதேசம் என்றால் எல்லாம் பனிமலை என்று எண்ண வேண்டாம். பிலாஸ்பூர் மாவட்டத்தில் பன்யாலா என்ற கிராமம் சுமார் 1800 அடி உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே மா விளையும். ஹரிமன் சர்மா என்ற விவசாயி வீட்டில் 1998-ல் தின்றுவிட்டுக் கொல்லையில் எறிந்த ஆப்பிள் விதையில் ஒன்று அடுத்த வருஷம் முளைத்தது. 2001-ல் காய்த்தது! அந்த உயரத்தில் ஆப்பிளா என்று யாரும் நம்பவில்லை. வேர்ச்செடி கிடைக்காமல் முதலில் பிளம்ஸ் செடியிலே ஒட்டுக் கட்டிப் பார்த்தார். 'எச்.ஆர்.எம்.என்.-99' என்று பெயர் பெற்ற அந்த ரகம், மலையில் ஆப்பிள் பழுக்குமுன் ஜூன் மாதத்திலேயே பழுத்துவிடும். குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய மாநிலங்களிலெல்லாம் அதை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2025-ல் ஹரிமன் சர்மாவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கொல்லையில் எறிந்த விதை! இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கொட்டாங்கச்சி ஞாபகம் வந்தது.

இன்னோர் உபாயம் ஜாவாத் தீவில் இருக்கிறது. மலாங் நகருக்கு அருகே பாத்து என்ற மலையூர். பூமத்திய ரேகைக்குப் பக்கம். குளிர்காலம் என்பதே இல்லை. ஆனாலும் அங்கே நெடுங்காலமாக ஆப்பிள் விளைகிறது. வருஷத்துக்கு இரண்டு போகங்கூட எடுக்கிறார்கள். எப்படி? அறுவடை ஆனதும் மரத்து இலைகளை எல்லாம் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன்பே அதைத் தட்டி எழுப்புகிற தந்திரம் இது. நெட்டுக்குத்தாகப் போகும் கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கையாக வளைத்தும் விடுகிறார்கள்; படுத்த கிளையில்தான் பக்க மொட்டுகள் விழிக்கும். ஆனால் பாத்து சுமார் 3000 அடி உயரம் என்பதையும் மறக்கக் கூடாது. நம் சமவெளியில் முயற்சி செய்கிறவர்கள், குறைந்த குளிர் கேட்கும் ரகம், இலை உருவுதல் ஆகிய இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வெட்டலாம், வெட்ட வேண்டாம்

இவ்வளவும் தெரிந்த பிறகு, அந்த அம்மாளுக்கு எழுத வேண்டிய பதில் தெளிவாகிவிட்டது. மரத்தைக் கட்டாயம் வெட்ட வேண்டும். ஆனால் அடியோடு வெட்ட வேண்டாம்!

எட்டு வருஷம் அந்தச் செம்மண்ணில் பிழைத்த வேர் அது. விதையிலிருந்து வந்த ஆப்பிளின் வேர் ஆழமாக இறங்கும், வறட்சியைத் தாங்கும். புதுக் கன்று வைத்தால் அந்த வேருக்கு மறுபடி எட்டு வருஷம் காத்திருக்க வேண்டும். இருக்கிற மரத்தின் தலையை மட்டும் வெட்டிவிட்டு, குளிர் வேண்டாத ரகத்தின் குச்சியைக் கிளையில் ஒட்டிவிட்டால், கால் பழையது, தலை புதியது. ஒரே மரத்தில் இரண்டு ரகம் ஒட்டினால், ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்துக்கொள்ளவும் சௌகரியம்.

ஒட்டுக் கட்டுகிறவருக்கு அந்தப் பக்கத்தில் பஞ்சமா? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் மாம்பழச் சீமை அல்லவா? சந்தூர்ப் பக்கத்தில் மாங்கன்று ஒட்டுவதையே தொழிலாகக் கொண்ட பெரியவர் ஒருவர் ஒப்புக்கொண்டார். "மா கட்டுற கைக்கு ஆப்பிள் என்னங்க பெரிசு?" என்றார். எச்.ஆர்.எம்.என்.-99 குச்சிகளும் அன்னாக் குச்சிகளும், ஈரத்துணி சுற்றிப் பாலிதீன் பையில் தபால் வழியே வந்து சேர்ந்தன. பொங்கல் கழிந்த வாரத்தில் நானும் போயிருந்தேன்.

பெரியவர் முதலில் வெளுத்த நுனிகளை வெட்டிச் சேர்த்து அடுப்பில் போடச் சொன்னார். பிறகு இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே மூன்று கிளைகளை ரம்பத்தால் அறுத்தார். அறுத்த முகத்தைக் கத்தியால் பிளந்தார். இரண்டு மூன்று மொட்டுள்ள குச்சியின் அடியை ஆப்புப்போலச் சீவி, கிளைப் பட்டையின் உள்ளே தெரியும் பச்சையும் குச்சியின் பச்சையும் ஒன்றையொன்று தொடும்படி செருகினார். "இதுதாங்க ரகசியம். பச்சையும் பச்சையும் பேசணும்" என்றார். ஒவ்வொரு பிளவிலும் பக்கத்துக்கு ஒன்றாக, ஆறு குச்சி. பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டி, அறுத்த வாயை மெழுகால் அடைத்தார்.

நாலாவது கிளை ஒன்று பாக்கி இருந்தது. அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அதை அறுக்கலீங்களாண்ணே?"

"இப்ப வேண்டாம்மா. வேருக்குச் சோறு போட இலை வேணுமில்ல? ஒட்டுத் துளிர்த்தப்புறம் அடுத்த வருஷம் எடுத்துடலாம்."

"எடுக்காம விட்டா ஏதும் கெடுதலா?"

பெரியவர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "கெடுதல் ஒண்ணுமில்ல. ரொம்ப ஓங்காம நுனியை மட்டும் கிள்ளிக்கிட்டே வாங்க" என்றார்.

புதிதாக வைக்க விரும்புகிறவர்களுக்கு

வீட்டில் ஆப்பிள் வைக்க ஆசைப்படும் நேயர்களுக்குச் சில வார்த்தை. கன்று வாங்கும்போது மேல் ரகம் என்ன, வேர்ச்செடி என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். மார்கழி, தை மாதங்களில் நடுவது நல்லது. இரண்டு அடிக்குக் குறையாமல் குழி வெட்டி, மேல் மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி, தரையைவிட ஒரு சாண் மேடாக்கி நடுங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு நாலு விரற்கடை மேலேயே இருக்க வேண்டும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் பாருங்கள். அடியில் காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள். தண்டை மட்டும் தொட வேண்டாம். உப்புத் தண்ணீர் ஆகாது. முதல் இரண்டு வருஷம் காய் பிடித்தாலும் கிள்ளிவிடுங்கள். குழந்தை மரம் பாரம் சுமக்கக் கூடாது. மார்கழியில் பழைய இலைகளை உருவிவிடுங்கள்.

காய்க்கிற பழம் சிம்லா ஆப்பிள்போல் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவு குளிராத ஊரில் நிறம் வெளிறித்தான் இருக்கும். நெடுநாள் வைத்திருக்கவும் தாங்காது. மரத்தடியிலேயே பறித்துத் தின்கிறவர்களுக்கு அது ஒரு குறையல்ல. நூறு கன்று வைத்துப் பணக்காரர் ஆகலாம் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கொல்லைக்கு ஒரு மரம் என்றால் சரி. ஆப்பிள் தொழிலாகவே வேண்டுமென்பவர்களுக்குக் கொடைக்கானல் மலை இருக்கவே இருக்கிறது.

முதல் பழம் யாருக்கு?

வைகாசியில் மறுபடி போனேன். இந்தத் தடவை அஷ்டமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போனேன்.

ஆறு குச்சியில் மூன்று பட்டுப் போயிருந்தன. மூன்று பிடித்திருந்தன: அன்னா ஒன்று, எச்.ஆர்.எம்.என். இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு முழம் துளிர்த்து, இலை பளபளவென்று நின்றது. விபூதியைக் காணோம். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பேத்திப் பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஒவ்வொரு கிளையிலும் பெயர் எழுதிய அட்டை கட்டியிருந்தாள். வெட்டாமல் விட்ட நாலாவது கிளையில் 'தாத்தா' என்று எழுதியிருந்தது. ஆட்டுக் கொட்டகை முருங்கைக்கு அந்தப் பக்கம் எழும்பியிருந்தது. மருமகனே இடம் மாற்றிக்கொண்டாராம்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், பூக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். வெளியூர்ப் பயிரைக் கொண்டுவந்து வைப்பது இந்தச் சீமைக்குப் புதிதும் அல்ல. கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று ஔவையாரே புறநானூற்றில் சொல்லியிருக்கிறார். அன்றும் யாராவது, 'இது இங்கே வராது, வெட்டிப் போடு' என்று சொல்லித்தான் இருப்பார்கள்.

விடை பெறும்போது, "முதல் பழம் யாருக்கு? சாமிக்கா, பேத்திக்கா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. "ரோட்டுல டீக்கடைகிட்ட வடநாட்டு லாரி நிக்கும் தம்பி. ஒரு டிரைவருக்குக் கொடுக்கணும். வீட்டை விட்டு எத்தனை நாளாச்சோ, பாவம்" என்றார்.

பஸ்ஸுக்காகச் சாலையில் நின்றேன். எதிரே டீக்கடை ஓரமாக ஒரு நீளமான லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு தெருவுக்கு அப்பால் என்ன வளர்கிறது என்று தெரியாமல், தெற்கே பார்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.